தூங்கத் தெரிந்த கொடி

சித்திரை பிறந்தால் போதும், கடலூரில் செடி வளர்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அதிகம் தண்ணி கேக்காத பூச்செடி எது?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. தையோடு மழை விலகிவிட்டால் ஆடி வரைக்கும் வானத்தை நம்பிப் பிரயோசனமில்லை. கடலை ஒட்டிய தெருக்கள் பலவற்றில் போர் தண்ணீர் கரிக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் இருந்த இடம் தெரிவதில்லை.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் செடி என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் ஆண்டுக்கு 1,200 மி.மீ.க்குக் குறையாமல் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்துக்குள் புதுச்சேரியில் பெய்தது 45 செ.மீ.க்கும் மேல். ராஜஸ்தானிலோ அரபு நாட்டிலோ வறட்சி தாங்கும் செடிக்கு இந்தச் சோதனை கிடையாது. இங்கே உண்டு. ஆறு மாதம் காய வேண்டும், மூன்று மாதம் நனைய வேண்டும், இரண்டிலும் பிழைக்க வேண்டும்.

நர்சரிக்காரர்கள் "தண்ணியே வேணாம்" என்று கையில் கொடுக்கும் அடீனியத்தையும் கள்ளி வகைகளையும் நினைத்துப் பாருங்கள். கோடையில் ராஜா மாதிரி நிற்கும். கார்த்திகை அடைமழையில் தண்டு கொழகொழத்து அடியோடு சாய்ந்துவிடும். அவை நல்ல செடிகள்தான். ஆனால் அவை பிறந்த மண்ணில் இப்படி மழை பெய்ததில்லை.

இந்த இரண்டு சோதனையிலும் தேறிய செடி ஒன்று நம் வேலிகளிலேயே ஏறிக் கிடக்கிறது. செங்காந்தள். ஊரில் கார்த்திகைப் பூ என்பார்கள், மருந்துக் கடையில் கண்வலிக்கிழங்கு என்பார்கள், சிலர் கலப்பைக்கிழங்கு என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் மாநில மலர் நாகலிங்கப் பூ, 2007இல் அறிவித்தார்கள். கோயிலுக்குக் கோயில் வைத்து வளர்த்து நாம் நம்முடையதாக்கிக்கொண்ட மரம்தான் நாகலிங்கம், என்றாலும் அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. புதுச்சேரிச் சுவர்களில் வழியும் காகிதப்பூவும் அங்கிருந்து வந்ததுதான். செங்காந்தளை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை. சங்கப் புலவர்கள் பாடும்போதே அது இங்கே பூத்துக்கொண்டிருந்தது. குறிஞ்சி நிலத்துப் பூ என்றும் முருகன் சூடும் பூ என்றும் பாடினார்கள், ஆனால் மலைதான் வேண்டும் என்று அது அடம்பிடிப்பதில்லை. கடலோரத்து மணல் மேட்டிலும் முந்திரித் தோப்பு வேலியிலும் அதே நிறத்தில் பூக்கிறது.

திருவந்திபுரம் போகும் வழியில் ஒரு தோப்பு வேலி. காரை, சங்கமுள், பனை மட்டை எல்லாம் கலந்து கிடக்கும். அதற்கு மேலே கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இந்தப் பூ. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டேன்.

"ஆயா, இது வருசா வருசம் வருதா?"

"வரும் கண்ணு. கார்த்திகப்பூ. கெழங்கு வெஷம், தொட்டுட்டு வாயில கீயில வச்சிக்காத. ஆட்ட இந்தப் பக்கம் வுட மாட்டேன்."

"வெஷம்னா ஏன் வெட்டாம வுட்டு வச்சிருக்காங்க?"

"அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது. அத எதுக்கு வெட்டணும்?"

இந்தச் செடியைப் பற்றி நான் படித்த எதையும்விட அந்த ஆயா சொன்னது சரியாக இருக்கிறது. வறட்சியை எதிர்த்து நிற்கிற செடிகள் பல உண்டு. ஆவாரை வேரை ஆழமாக விட்டு நிற்கும், கள்ளி தண்டில் தண்ணீரைச் சேர்த்து நிற்கும். செங்காந்தள் எதிர்த்து நிற்பதே இல்லை. மார்கழி முடிய இலை பழுக்கும், தையில் கொடி காய்ந்து ஒடிந்து விழும், மண்ணுக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. கீழே கிழங்கு தூங்கும். வெயில் அடித்து ஓய்ந்து முதல் மழை மண்ணில் இறங்கிய பிறகே கண் விழிக்கும். பல ஆண்டு வாழும் செடி, ஆனால் ஆண்டில் பாதி நாள் கண்ணில் படாத செடி.

இந்தக் கொடி தன் நாட்காட்டியைத் தானே வைத்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதில் கைவைக்காமல் இருப்பது. தோட்டக்காரர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை.

என் வீடு கேப்பர் மலைச் சரிவில் இருக்கிறது. மலை என்று பெயர்தானே தவிர, செம்மண் மேடு. இந்தச் செம்மண்ணுக்குக் கீழே கிடக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; நெய்வேலியிலும் புதுச்சேரிக்கு மேற்கே உள்ள செம்மண் மேடுகளிலும் இதே அடுக்குதான். மணல் கலந்த மண், தண்ணீர் நிற்காது. எவ்வளவு கொட்டினாலும் அரை மணி நேரத்தில் வடிந்துவிடும். காய்கறி போடுகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். காந்தளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. தூங்கும் கிழங்குக்கு வெயில் பிரச்சினையே இல்லை, தேங்கும் தண்ணீர்தான் எமன்.

பாகூர்ப் பக்கம் ஏரிப் பாசனக் களிமண் உள்ளவர்கள் தரையில் வைக்கக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து, அதன் முதுகில் வையுங்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் நாத்தனார் மாடியில் பெரிய சிமென்ட் தொட்டியில் வைத்திருக்கிறார். அடியில் ஓடு உடைசல், மேலே மணல் கலந்த மண், கொஞ்சம் மக்கிய எரு. கிழங்கு தூங்குகிற மாதங்களில் தொட்டியை அப்படியே படிக்கட்டுக்கு அடியில் நகர்த்தி வைத்துவிடுவார். அங்கேயும் பூக்கிறது.

கிழங்கை வேலியிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள். மருந்துக்கென்று பல இடங்களில் தோண்டித் தோண்டியே காட்டுச் செடி குறைந்துபோயிருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் இதை வயலில் பயிராகவே செய்கிறார்கள். வேதாரண்யத்திலும் ஜெயங்கொண்டத்திலும் உண்டு. விதைதான் அவர்களுக்கு வருமானம், வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அப்படிப் பயிர் செய்கிறவர்களிடம் கிழங்கு விலைக்குக் கிடைக்கும். விதை போட்டும் வளர்க்கலாம், ஆனால் தோல் கெட்டி, முளைக்க நாளாகும், முளைத்தாலும் பூ பார்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகிவிடும்.

கிழங்கு கைக்கு வந்ததும் அவசரப்படாமல் பாருங்கள். கலப்பை வடிவத்தில் இரண்டு கையாகப் பிரிந்திருக்கும், வழவழப்பான பழுப்புத் தோல். ஒவ்வொரு கையின் நுனியிலும் சின்னதாக, வெளுப்பாக ஒரு குருத்து. அங்கே மட்டும்தான் முளை. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெங்கும் கண் கிடையாது. பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வரும் வழியில் அந்த நுனி ஒடிந்துபோனால், மீதிக் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் அதிலிருந்து கொடி வராது. இரண்டு கையையும் கணுவில் பிரித்துத் தனித்தனியாக நடலாம், வெட்டுவாயில் சாம்பல் பூசி ஒரு நாள் நிழலில் காயவிட்டால் நல்லது. நான்கு விரல் ஆழத்தில் படுக்கை வாட்டில் வைத்து மூட வேண்டும், குத்தி நிறுத்தக் கூடாது. கிழங்குக்குக் கிழங்கு ஒரு முழம் இடைவெளி போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நட்ட பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள். வைகாசிக் கடைசியில் நட்டால் ஆடி மழைக்குக் காத்திருக்க வேண்டும். மாலையில் மேற்கே இடி இடித்து, ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கும் மழை இரண்டு மூன்று இறங்கினால் போதும். ஆவணிக்குள் ஈட்டிமுனை போல மண்ணைக் குத்திக்கொண்டு முளை வெளியே வரும். பிறகு அது வளர்கிற வேகம் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. முளைத்த பிறகு மழை இடைவெளி விட்டால், மண்ணைத் தொட்டுப் பார்த்து வாரம் ஒருமுறை தண்ணீர் விடலாம். செடிக்கு நான் ஊற்றுகிற தண்ணீர் மொத்தமே அவ்வளவுதான்.

ஏறுவதற்கு ஏதாவது வேண்டும். அவரை போலத் தண்டைச் சுற்றி ஏறும் கொடி இல்லை இது. ஒவ்வொரு இலையும் நுனியில் மெலிந்து, நீண்டு, ஒரு சுருளாக முடிகிறது. அந்தச் சுருள் பக்கத்தில் எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். பற்றுக்கம்பி தனியாகக் கிடையாது, இலைதான் கை. அதனால் வழுக்கலான பிளாஸ்டிக் குழாயில் ஏறாது. விரல் தடிமன் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்க வேண்டும். நம் ஊரில் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமா? சவுக்கு மிலாறு ஒரு கட்டு வாங்கி, ஆள் உயரத்துக்கு நட்டு வைத்தால் அதைவிடச் சிறந்த பந்தல் இல்லை. செம்பருத்தி மேலேயோ மல்லி மேலேயோ ஏறவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செம்பருத்திக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், அந்தத் தண்ணீர் கீழே தூங்கும் கிழங்கை அழுக வைத்துவிடும். காய்ந்த குச்சிதான் நல்லது.

புரட்டாசியில் மொட்டு. பச்சை நிறத்தில், தலை குனிந்து தொங்கும். விரியும்போதும் பூ நிமிர்வதில்லை. ஆறு இதழும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி எழுகின்றன, பூவின் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்கிறது. இதழின் ஓரம் அலை அலையாக நெளியும். முதல் நாள் அடியில் மஞ்சள், நுனியில் பச்சை. அப்புறம் பச்சை போய், மேல்பாதியில் சிவப்பு ஏறி, அடியில் மஞ்சள் தங்கி நிற்கும். படங்களில் நாம் எப்போதும் பார்ப்பது இந்த நிலையைத்தான். பிறகு சிவப்பு கீழே இறங்கி மஞ்சளை முழுக்க மூடும். ஒரே கொடியில் பச்சை மொட்டு, மஞ்சள் பூ, சிவப்பும் மஞ்சளுமான பூ, முழுச் சிவப்புப் பூ எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். ஒரு பூ ஒரு வாரம் தாராளமாக நிற்கிறது. காலை ஏழு மணிக்குக் கிழக்கு வெயில் இதழுக்குப் பின்னாலிருந்து விழும்போது பாருங்கள், இதைப் பூ என்று சொல்ல நாக்கு எழாது, நெருப்பு என்றுதான் வரும்.

இன்னும் கிட்டே போனால் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ஆறு மகரந்தத் தாளும் நாலா பக்கமும் விரிந்து நிற்கின்றன. சூலகத்தின் நுனியில் சூல்தண்டு இருக்கிறதே, அது நேராகக் கீழே இறங்காமல் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, தரைக்கு இணையாக நீள்கிறது. தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் ஒதுங்கி நிற்கிற ஏற்பாடு. ஒரு பூவின் தூள் இன்னொரு பூவுக்குப் போக யாராவது வர வேண்டும். பெரிய வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன, தேன்சிட்டு வருகிறது. முருகன் சூடும் காந்தளை வண்டும் மொய்க்காத பூ என்று பழைய பாட்டு சொல்லும். என் தோட்டத்திலும் மல்லியிலும் துளசியிலும் மொய்க்கிற தேனீக்களை இதில் அதிகம் பார்க்க முடிவதில்லை. வயலில் பயிர் செய்கிறவர்கள் பூச்சியை நம்பி இருப்பதில்லை. காலையில் வரிசை வரிசையாகப் போய், மகரந்தத்தை எடுத்துக் கையாலேயே தடவிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால்தான் காய் நிறையப் பிடிக்கும். வீட்டில் அழகுக்கு வளர்ப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம், காய் குறைவாக இருப்பதே நல்லது. காரணம், விஷம்.

இதை மென்று விழுங்காமல் சொல்கிறேன். இந்தச் செடியில் விஷமில்லாத பாகம் கிடையாது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். கோல்சிசின் என்ற பொருள்தான் காரணம். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஐரோப்பியச் செடியிலிருந்து 1820இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தது. கௌட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு இன்றும் மருத்துவர்கள் இதை மாத்திரையாகத் தருகிறார்கள், ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவு குறுகலானது. உயிரணு இரண்டாகப் பிரிவதை இது தடுத்துவிடும். அந்தக் குணத்தை வைத்துத்தான் விதையில்லாத் தர்பூசணி உருவாக்குவதில் இதைப் பயன்படுத்துகிறார்கள். உடம்புக்குள் போனாலும் அதே வேலையைத்தான் செய்யும்.

கிழங்கு, தோலைச் சீவிவிட்டால் வள்ளிக்கிழங்கு மாதிரி தெரியும். ஆகவே சமையலறைப் பக்கம் ஒருபோதும் வைக்காதீர்கள். முற்றிய காய் வெடித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று விதை, குழந்தையின் கை தானாக அதற்குப் போகும். நான் காய் பிடித்ததும் கிள்ளி எடுத்துவிடுகிறேன். எப்படியாவது யாராவது வாயில் போட்டுவிட்டால், "ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கான்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். இதற்கென்று கைவசம் மாற்று மருந்து கிடையாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ ஓட வேண்டும், செடியில் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். நாட்டு வைத்தியம் என்று சொல்லி வீட்டில் இந்தக் கிழங்கை அரைக்கிற வேலையே வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருமுறை கேட்டான், "ஏக்கா, இவ்ளோ வெஷத்த வச்சிக்கிட்டு நிம்மதியா தூங்குறீங்களா?" அரளி எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிறது, ஊமத்தை சாலையோரமெல்லாம் கிடக்கிறது. தெரிந்து வளர்க்கிற விஷத்தைவிடத் தெரியாமல் வளர்க்கிற விஷம்தான் எனக்குப் பயம். அதனால் வேலிக்கு உள்பக்கம், தெருப் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் பூவைக் காட்டும்போதே விஷத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு விஷத்தையும் விருந்தாகச் சாப்பிடுகிற ஒரு புழு உண்டு. கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாக, லில்லி இனச் செடிகளைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. ஒரே ராத்திரியில் ஒரு கொடியின் இலையை மொட்டையடித்துவிடும். புரட்டாசியில் இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் புரட்டிப் பாருங்கள், சின்னதாக இருக்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் நிற்கும். வளர்ந்தவற்றை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். கடைசியில் ஒரு கொடியை மட்டும் அதற்கென்று விட்டுவிடுகிறேன். அதுவும் இந்த ஊர்க்காரன்தான்.

மழை மாதங்களில் வேலை அதிகமில்லை. மேட்டைச் சுற்றி வாய்க்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்வது, காற்றில் சாய்ந்த மிலாறை நிமிர்த்துவது, அவ்வளவுதான். ஃபெஞ்சல் அன்று கொடிகள் பிய்ந்து பக்கத்துச் சுவரில் ஒட்டிக் கிடந்தன. அந்த ஆண்டுப் பூ அதோடு முடிந்தது. அடுத்த ஆவணியில் கிழங்குகள் வழக்கம்போல முளைத்தன.

தையில் கொடி காய்கிறபோதுதான் வீட்டில் உள்ளவர்களைச் சமாளிப்பது பெரிய பாடு. "செத்துப்போச்சு, பிடுங்கிப் போட்டுட்டு வேற ஏதாவது வைம்மா" என்பார்கள். பச்சை இருக்கும்போதே கொடியை வெட்டிவிடாதீர்கள். பழைய கிழங்கு கொடிக்குத் தன்னைக் கொடுத்துச் சுருங்கிப்போய், அதே பருவத்தில் புதுக் கிழங்கு பக்கத்தில் ஊறியிருக்கும். இலையில் மிச்சமிருக்கும் சத்து கீழே இறங்க அவகாசம் வேண்டும். கொடி தானாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வருகிற வரை பொறுங்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி நான்கு செங்கல் பதித்து அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் மாசியில் யாராவது மண்வெட்டி போட்டுவிடுவார்கள். மேலே முந்திரிச் சருகு ஒரு கை உயரத்துக்குப் பரப்பினால் மண் சூடேறாது. ஆடியில் முளை வருவதற்குள் அது மக்கி எருவாகவும் ஆகிவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது. குழாயை நீட்டி "பாவம், காயுதே" என்று யாரும் இரக்கப்படவும் கூடாது. வெற்றுத் தரையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். தண்ணீர் தட்டுப்பாட்டு மாதங்களில் ஒரு சொட்டும் கேட்காத பாத்தி ஒன்று வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது பங்குனியில் குடம் தூக்குகிறவர்களுக்குத் தெரியும்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் சேர்ந்த கிழங்குகளைப் பிரித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் பூ சிறுத்துவிடும். வைகாசிக் கடைசியில் பிரித்து, நுனி ஒடியாமல் வைக்கோலில் பொதிந்து, கேட்கிறவர்களுக்குத் தருகிறேன். கேட்கிற எல்லோருக்கும் அல்ல. தவழும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் ஆடு மாடு கட்டுகிற வீட்டுக்கும் தருவதில்லை. அவர்களுக்கு ஆவாரை விதை கொடுத்தனுப்புகிறேன். அதற்கும் கோடையில் தண்ணீர் வேண்டாம், அடைமழையில் தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால் போதும், பூவைப் பறித்துப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்துச் சாப்பிடவும் செய்யலாம்.